செத்த கண்ட்ரோல் உள்ள சிஎன்சி லேத்தை வாங்குவதா, கையிலிருக்கும் என்எச்22 கைலேத்தை சிஎன்சியாக மாற்றுவதா?

கணபதி பட்டறை:

வணக்கம். கோவை கணபதியில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப் ஷாஃப்ட், ஸ்லீவ், புஷ், அவ்வப்போது த்ரெட் போடும் வேலை. எச்.எம்.டி. என்எச்22 ஒன்றும் பழைய பி.எஸ்.ஜி. லேத் ஒன்றும் ஓடுகின்றன. ஸ்லீவ் ஆர்டர் வந்தால் ஒரே அளவில் நூற்றுக்கணக்கில் வரும். அதைக் கையால் கடைந்து கொடுத்தால் விலை கட்டுவதில்லை. நல்ல டர்னரும் இப்போது லேசில் கிடைப்பதில்லை.

இரண்டு யோசனை இருக்கிறது. ஒன்று, என்எச்22-க்கு ஸ்டெப்பர் மோட்டார் மாட்டிப் பழைய கம்ப்யூட்டரில் ஓட்டுவது. வீடியோக்களில் பார்த்தால் சுலபமாகத்தான் தெரிகிறது. இன்னொன்று, குறிச்சிப் பக்கம் ஒரு பட்டறையில் சாய்வு பெட் சிஎன்சி லேத் (கம்ப்யூட்டர் கட்டளையில் ஓடுவது) சும்மா கிடக்கிறது. 1990 வாக்கில் வந்த மெஷின். 8 டூலைப் பிடித்து மாற்றித் தரும் டரெட், ஹைட்ராலிக் சக், பழைய ஜப்பான் கண்ட்ரோல். பட்டறை பூட்டிக் கிடந்ததில் பேட்டரி தீர்ந்து பாராமீட்டர் (கண்ட்ரோலில் இருக்கும் செட்டிங் எண்கள்) எல்லாம் போய்விட்டது. ஒரு ஆக்சிஸின் டிரைவ் போர்டும் எரிந்திருக்கிறது. கண்ட்ரோலைச் சரி செய்யக் கேட்ட விலைக்கு ஓடுகிற பழைய மெஷினே வாங்கிவிடலாம். அதனால் ஓனர் இரும்பு விலைக்குத் தரத் தயாராக இருக்கிறார். எதில் இறங்கலாம்?

பழைய இரும்பு:

தம்பி, என்எச்22-ஐ விட்டுவிடுங்கள். அது சோறு போடுகிற மெஷின். ஒற்றை ஜாப், ரிப்பேர் வேலை என்று வந்தால் சிஎன்சியைவிட அதுதான் சீக்கிரம் முடித்துக் கொடுக்கும்.

நான் துவாக்குடிப் பக்கம் ஃபிட்டராக இருந்தவன். கைலேத்தை மாற்றியதையும் பார்த்திருக்கிறேன், செத்த சிஎன்சியை எழுப்பியதையும் பார்த்திருக்கிறேன். கைலேத்தின் க்ராஸ் ஸ்லைடில் இருப்பது சாதாரண ஸ்க்ரூ. ஹேண்டிலைத் திருப்பினால் கொஞ்ச தூரம் சும்மா சுற்றும். டர்னர் அதை விரலிலேயே உணர்ந்து, எப்போதும் ஒரே பக்கமிருந்து வந்து அளவு பிடித்துவிடுவார். கம்ப்யூட்டர் அப்படிச் செய்யாது. இந்தச் சும்மா சுற்றலைக் கழிக்க பேக்லாஷ் காம்பன்சேஷன் என்று சாஃப்ட்வேரில் ஒரு எண் கொடுக்கலாம்தான். ஆனால் அந்த எண் போய் ஸ்லைடை இறுக்கிப் பிடிக்காது. டூல் இழுத்த பக்கம் ஸ்லைடு போகும். ஒரு பந்து வடிவம் கடைந்து பாருங்கள், எக்ஸ் (விட்டம் பிடிக்கும் குறுக்கு ஆக்சிஸ்) திசை திரும்புகிற இடத்தில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு கோடு விழும்.

சரி, பால் ஸ்க்ரூ (நட்டுக்குள் குண்டுகள் உருளும் ஸ்க்ரூ) போடலாம் என்றால் ஏப்ரனைக் கழற்ற வேண்டும், சேடிலில் நட்டுக்கு இடம் பிடிக்க வேண்டும், இரண்டு முனையிலும் பேரிங் ஹவுசிங் செய்ய வேண்டும். இதெல்லாம் ஆன பிறகும் பெட் பழைய பெட்தான். சக்குக்குப் பக்கத்து ஒன்றரை அடியில் தேய்மானம் அதிகம் இருக்கும், ஏனென்றால் வேலை முழுக்க அங்கேதான் நடந்திருக்கிறது. டரெட் கிடையாது, பாதுகாப்பு மூடி கிடையாது, சில்லு விழத் தோதான அமைப்பும் கிடையாது.

குறிச்சி மெஷினில் இதெல்லாம் பிறவியிலேயே இருக்கிறது. கிரைண்ட் செய்த பால் ஸ்க்ரூ, ஸ்லைடில் உரசலைக் குறைக்கும் டர்சைட் பட்டை, ஆயில் லைன், டரெட், சக் சிலிண்டர், எல்லாம். இரும்பு விலைக்கு அத்தனையும் வருகிறது. போனது மூளை மட்டும்தான், அது இன்று மலிவு.

ஆர்டுயினோ தம்பி:

ஐயா, பால் ஸ்க்ரூ ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே? கண்ட்ரோலுக்கு ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன போர்டில் ஜிஆர்பிஎல் சாஃப்ட்வேர் போட்டால் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். எங்கள் கல்லூரி ரவுட்டரில் அதுதான் ஓடுகிறது.

பழைய இரும்பு:

மலிவாக வருவது உருட்டிச் செய்த சி7 தரம். 300 மி.மீ. நீளத்தில் 50 மைக்ரான்வரை தவறலாம். சி5 என்றால் 18 மைக்ரான். மரம் செதுக்குகிற ரவுட்டருக்கு எது போட்டாலும் ஓடும். பேரிங் உட்காரும் ஷாஃப்டுக்கு ஓடாது. கண்ட்ரோல் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும்.

பூஜ்யப்புள்ளி:

ஜிஆர்பிஎல் நல்ல சாஃப்ட்வேர்தான் தம்பி, ஆனால் இந்த வேலைக்கு அது இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். சர்வோ டிரைவில் ஒரு சுற்றுக்கு 10,000 பல்ஸ் (மோட்டாரை ஒரு சின்ன அடி நகர்த்தும் சிக்னல்), ஸ்க்ரூ பிட்ச் 5 மி.மீ. என்றால் மி.மீ.க்கு 2,000 பல்ஸ். ரேபிட் (வெட்டாமல் வேகமாக நகர்வது) நிமிடத்துக்கு 6 மீட்டர் வேண்டும் என்றால் அது செகண்டுக்கு 100 மி.மீ., அதாவது செகண்டுக்கு 2,00,000 பல்ஸ். ஊனோவில் ஓடும் ஜிஆர்பிஎல்லின் உச்சம் ஏறக்குறைய 30,000. டிரைவின் எலக்ட்ரானிக் கியரில் சுற்றுக்கு 2,000 பல்ஸ் என்று குறைத்தாலும் 40,000 வேண்டும். அப்போது ஒரு பல்ஸுக்கு 2.5 மைக்ரான். லேத்தின் எக்ஸ் ஆக்சிஸில் அது விட்டத்தில் 5 மைக்ரான் ஆகிவிடும். அளவு பிடிக்கும்போது இந்த 5 மைக்ரான் உறுத்தும்.

இன்னொரு விஷயம் த்ரெட். ஸ்பிண்டில் எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து இசட் (நீளவாக்கு ஆக்சிஸ்) ஓட வேண்டும். சாதாரண ஜிஆர்பிஎல்லில் அது கிடையாது. மாக்3 சாஃப்ட்வேர் சுற்றுக்கு ஒரு பல்ஸ் மட்டும் பார்த்து வேகத்தைக் கணக்கிடும். வெட்டு ஏறி ஸ்பிண்டில் தொய்ந்தால் பிட்ச் தப்பும். லினக்ஸ்சிஎன்சி சாஃப்ட்வேர், ஸ்பிண்டில் சுற்றுவதை எண்ணும் என்கோடரின் ஒவ்வொரு கவுண்டையும் பின்தொடர்கிறது. ஸ்பிண்டில் மெதுவானால் இசட்டும் அதே அளவு மெதுவாகும். கைலேத்தில் கியர் கோத்த மாதிரியேதான்.

கணபதி சாருக்கு என் யோசனை: லினக்ஸ்சிஎன்சி, அதோடு மெசா கார்டு ஒன்று. பல்ஸ் தயாரிக்கிற வேலையை கார்டு பார்த்துக்கொள்ளும், கம்ப்யூட்டர் ஒரு மில்லி செகண்டுக்கு ஒருமுறை கட்டளை கொடுத்தால் போதும். பேரலல் போர்ட்டில் நேராக பல்ஸ் விடுவதானால் கம்ப்யூட்டரின் நேரத் தடுமாற்றம் 20 மைக்ரோ செகண்டுக்குள் இருக்க வேண்டும். இப்போது வருகிற பல மதர்போர்டுகளில் அது நடக்காது, போர்ட்டே கூட இருக்காது. ஈதர்நெட்டில் இணையும் மெசா கார்டானால் 100 மைக்ரோ செகண்ட் தடுமாறினாலும் பெரிய சிக்கல் இல்லை.

மெஷினில் இருப்பது டிசி சர்வோவா, ஏசியா? டிசி என்றால், ஓடுகிற டிரைவை ±10 வோல்ட் அனலாக் கார்டு வழியாக அப்படியே பயன்படுத்தலாம்.

ஜாப் ஒர்க்:

மேடம் சொல்வது எல்லாம் சரிதான், ஆனால் பட்டறை நடத்துகிறவன் கோணத்தில் ஒன்று சொல்கிறேன். லினக்ஸ் தெரிந்த ஆள் ஊருக்குப் போய்விட்டால் அன்று மெஷின் நிற்கும். சீனாவின் ஜிஎஸ்கே 980 மாதிரி தனி கண்ட்ரோல் வாங்கி மாட்டினால் கீபோர்டு, டிஸ்ப்ளே எல்லாம் ஒரே பெட்டியில் வரும். புரோகிராமும் கிட்டத்தட்ட ஜப்பானின் ஃபனுக் கண்ட்ரோல் முறையிலேயே எழுதலாம். நம்ம ஆட்கள் எல்லாருமே ஃபனுக்கில் பழகியவர்கள். இரண்டு வரியில் ஜி71 (கரடு வெட்டு) அடிப்பான், ஜி76 (த்ரெட்) அடிப்பான், டூல் மாற்ற டி0101 என்பான். இதை மாற்றினால் ஆபரேட்டர் வேறு பட்டறைக்குப் போய்விடுவான். கூடவே, சில்லும் கூலண்டும் பறக்கிற இடத்தில் கம்ப்யூட்டர் எத்தனை நாள் தாங்கும்?

பூஜ்யப்புள்ளி:

> ஆபரேட்டர் வேறு பட்டறைக்குப் போய்விடுவான்

இது நியாயமான கவலை, ஒப்புக்கொள்கிறேன். லினக்ஸ்சிஎன்சியில் ஜி71 இருக்கிறது, 2.8 பதிப்பிலிருந்து. ஆனால் ஃபனுக் மாதிரி பி, க்யூ என்று வரி எண் கொடுக்கும் முறை இல்லை. கான்டூரை, அதாவது ஜாப்பின் வடிவக் கோட்டை, தனி சப்ரூட்டீனாக எழுதி, க்யூவில் அதன் எண்ணைக் கொடுக்க வேண்டும். ஜி76-ம் ஒரே வரி: பி என்பது பிட்ச், ஜே முதல் வெட்டின் ஆழம், கே மொத்த ஆழம். ஃபனுக் ஜி76-ஐ அப்படியே அடித்தால் எரர் வந்து நிற்கும். நிற்பது நல்லதுதான், தப்பாக ஓடுவதைவிட. டூல் மாற்ற டி1 எம்6, அப்புறம் டூல் அளவை எடுக்க ஜி43. விட்டத்தில் புரோகிராம் எழுத ஜி7 போட மறக்கக் கூடாது. ஜி8 என்றால் ரேடியஸ் கணக்கு, எக்ஸ் இரண்டு மடங்கு போய் அளவு தப்பிவிடும். தொடக்கக் கட்டளைகளிலேயே ஜி7-ஐ எழுதி வைத்துவிடலாம்.

என் கருத்து இதுதான். சுவிட்ச் போட்டதும் ஓட வேண்டும், உள்ளே கை வைக்க ஆள் இல்லை என்றால் தனி கண்ட்ரோல். டரெட் வினோதமானது, பழைய டிசி சர்வோவை வைத்தே ஓட்ட வேண்டும், எது எப்படி நடக்கிறது என்று தானே பார்த்து மாற்ற வேண்டும் என்றால் லினக்ஸ்சிஎன்சி. இது யாரோ பொழுதுபோக்காக எழுதிய சாஃப்ட்வேரும் இல்லை. அமெரிக்க அரசின் தரநிலை ஆய்வகமான என்.ஐ.எஸ்.டி. 1990களில் தொழிற்சாலை மெஷின்களில் போட்டுப் பார்க்கத் தொடங்கிய திட்டத்திலிருந்து வந்தது.

தூசிக்கு வழி இருக்கிறது. ஃபேன் இல்லாத சின்ன கம்ப்யூட்டரை மூடிய பேனலுக்குள் வைத்துவிடுங்கள், வெளியே டச் ஸ்க்ரீன் மட்டும்.

கணபதி பட்டறை:

டிசி சர்வோதான் மேடம். எக்ஸ் டிரைவ் எரிந்தது, இசட் டிரைவ் இருக்கிறது. நாளை மெஷினைப் பார்க்கப் போகிறேன். ஐயா, இரும்பில் எதைப் பார்க்க வேண்டும்?

பழைய இரும்பு:

டயல் கேஜ், காந்த ஸ்டாண்ட், 6 மி.மீ. ஸ்டீல் பால் ஒன்று, கொஞ்சம் கிரீஸ், ஒரு நல்ல டார்ச். இவ்வளவு போதும்.

கரண்ட் போடாமலேயே பார்க்கலாம். மோட்டாரைக் கழற்றவோ, ஸ்க்ரூவைக் கையால் சுற்றவோ விடுகிறாரா என்று கேளுங்கள். சேடிலில் டயலை வைத்து, ஸ்க்ரூவை ஒரு பக்கம் சுற்றி, திரும்ப மறுபக்கம் சுற்றுங்கள். முள் அசையாமல் ஸ்க்ரூ எவ்வளவு சுற்றுகிறது என்று பாருங்கள். நிறையச் சுற்றினால் உடனே ஸ்க்ரூ போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். ஸ்க்ரூ முனையில் சென்டர் துளை இருக்கும். அதில் கிரீஸ் வைத்து ஸ்டீல் பாலை ஒட்டுங்கள். பாலின் நெற்றியில் டயலை முட்ட வையுங்கள். இப்போது சேடிலைக் கடப்பாரை வைத்து இரண்டு பக்கமும் மெதுவாக நெம்பச் சொல்லுங்கள். முள் ஆடினால் ஸ்க்ரூவே முன்னும் பின்னும் போகிறது, அதாவது த்ரஸ்ட் பேரிங் தளர்ந்திருக்கிறது. பேரிங் ஜோடி மாற்றினால் சரியாகிவிடும். முள் ஆடாமல் சேடில் மட்டும் ஆடினால் நட்டு தேய்ந்திருக்கிறது. அது செலவு. விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

அப்புறம் ஸ்பிண்டில். சக்கைத் தட்டிப் பார்த்து ஒன்றும் தெரியாது. ஸ்பிண்டில் டேப்பரில் டயல் வைத்து கையால் சுற்றிப் பாருங்கள். 5 மைக்ரானுக்குள் என்றால் கும்பிட்டு வாங்கலாம்.

கேபினெட் கதவின் உள்பக்கம் பாராமீட்டர் தாள் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் கண்ட்ரோலையே எழுப்பிப் பார்க்கலாம். ஃபனுக் 0 வரிசை மாதிரியான கண்ட்ரோல்களில் எல்லாம் பேட்டரி தயவில்தான் நிற்கிறது. மூன்று டி சைஸ் செல், அதையும் மெஷின் ஆனில் இருக்கும்போதே மாற்ற வேண்டும். ஆஃப் செய்துவிட்டு மாற்றுகிறவர்கள்தான் பாதிப் பேர்.

கணபதி பட்டறை:

பார்த்துவிட்டு வந்தேன். இசட் ஸ்க்ரூவில் ஆட்டம் இருந்தது. பால் வைத்துப் பார்த்ததில் முள் 30 மைக்ரான் ஆடியது, அப்படியானால் பேரிங்தான். எக்ஸ் கல் மாதிரி நிற்கிறது. ஸ்பிண்டில் 4 மைக்ரான். பாராமீட்டர் தாள் எண்ணெயில் ஊறி ஒன்றும் படிக்க முடியவில்லை. ஆனால் எலக்ட்ரிகல் டிராயிங் புத்தகம் முழுதாகக் கிடைத்தது. ஓனர் அதைக் குப்பையில் போடப் பார்த்தார், கேட்டு வாங்கிக்கொண்டேன். மெஷின் வாங்கியாகிவிட்டது. லினக்ஸ்சிஎன்சிதான் போடப்போகிறேன், என் மச்சானுக்கு லினக்ஸ் பழக்கம் உண்டு. இரண்டு ஆக்சிஸுக்கும் புது ஏசி சர்வோ: இசட்டுக்கு 1 கிலோவாட், எக்ஸுக்கு 750 வாட் போதுமா?

பூஜ்யப்புள்ளி:

வாட்டைப் பார்க்காதீர்கள், டார்க்கைப் பாருங்கள். 750 வாட், 3,000 ஆர்பிஎம் மோட்டாரின் நிலையான டார்க் 2.4 நியூட்டன் மீட்டர்தான். பழைய டிசி மோட்டாரின் பெயர்ப் பலகையில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். பழைய மோட்டார்கள் மெதுவாகச் சுற்றும், ஆனால் டார்க் அதிகம், ரோட்டரும் கனம். உங்களுக்கு 130 ஃப்ரேமில் 2,500 ஆர்பிஎம், 4 நியூட்டன் மீட்டர் வகை இரண்டு பக்கத்துக்கும் பொருந்தலாம். எக்ஸுக்கு மட்டும் பிரேக் உள்ள மோட்டார் வாங்குங்கள். சாய்வு பெட்டில் கரண்ட் போனால் டரெட் தன் எடையில் கீழே சரியும்.

ஹோசூர் எலக்ட்ரிகல்:

பிரேக் பற்றி மேடம் சொன்னதோடு ஒன்று. டிரைவ் ரெடி ஆகி, மோட்டார் பிடித்துக்கொண்ட பிறகுதான் பிரேக் விடுபட வேண்டும். நிறுத்தும்போது பிரேக் பிடித்த பிறகுதான் டிரைவ் விட வேண்டும். பெரும்பாலான டிரைவில் பிரேக்குக்கு என்றே அவுட்புட் இருக்கும், அதை ரிலே வழியாக எடுங்கள். கம்ப்யூட்டர் அவுட்புட்டில் மாட்டாதீர்கள்.

எமர்ஜென்சியும் அப்படித்தான். சிவப்பு பட்டனை கம்ப்யூட்டருக்கு இன்புட்டாக மட்டும் கொடுத்து, மீதியை சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும் என்று விட்ட பேனல்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்க்ரீன் உறைந்துபோன அன்று அந்த பட்டன் பொம்மை. பட்டன், கதவு சுவிட்ச், லிமிட் எல்லாம் சேஃப்டி ரிலேயில் தொடராக வந்து, அந்த ரிலே டிரைவுகளின் கான்டாக்டரை நேராக வெட்ட வேண்டும். நான் நிறுத்திவிட்டேன் என்று கம்ப்யூட்டருக்குத் தகவல் போனால் போதும்.

ஆனால் சக்கை அந்த வரிசையில் சேர்க்காதீர்கள்! எமர்ஜென்சி அழுத்தினால் ஸ்பிண்டில் உடனே நிற்காது, அது சுற்றி ஓயும்வரை சக் பிடித்தே இருக்க வேண்டும். அதனால்தான் அங்கே இரண்டு காயில் வால்வு இருக்கும், கரண்ட் போனாலும் கடைசி நிலையிலேயே நிற்கும். மாற்றும்போது மலிவாக இருக்கிறது என்று ஸ்ப்ரிங் ரிட்டர்ன் வால்வு போட்டுவிடாதீர்கள். சக் பிரஷர் சுவிட்ச் சொல்லாமல் ஸ்பிண்டில் ஸ்டார்ட் ஆகவும் கூடாது.

எர்த் பாரை ஒரே இடத்தில் வையுங்கள். ஸ்பிண்டில் மோட்டாரின் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி.யின் கேபிளும் என்கோடர் கேபிளும் ஒரே கேபிள் டிரங்கில் போகக் கூடாது.

கணபதி பட்டறை:

நீண்ட இடைவெளிக்குப் பிறகு வருகிறேன். பேரிங் மாற்றியாச்சு, பேனல் முழுக்கப் புது வயரிங், மெஷின் ஓடுகிறது. ஸ்லீவ் கடைந்ததில் அளவு 10 மைக்ரானுக்குள் நிற்கிறது. கார்டு, கம்ப்யூட்டர் சேர்த்தால் மொத்தச் செலவில் சின்னப் பங்குதான். பேரிங், கேபிள், கான்டாக்டர், ஆயில் சீல், ஹைட்ராலிக் ஹோஸ், இவைதான் தின்றுவிட்டன.

சிக்கல் த்ரெட்டில். எம்24 x 2 போடுகிறேன். முதல் சில பாஸ் கச்சிதமாக விழுகிறது. அப்புறம் ஒரு பாஸ் திடீரென்று பக்கத்தில் வெட்டுகிறது, த்ரெட்டின் முகடு பாதி சீவிப்போகிறது. அடுத்த பாஸ் பழைய தடத்திலேயே வருகிறது. சில ஜாப்பில் வருவதே இல்லை. ரிங் கேஜில் ஒன்று ஏறுகிறது, அடுத்தது ஏற மறுக்கிறது. ஸ்க்ரூவில் பேக்லாஷ் திரும்ப வந்துவிட்டதோ?

ஆர்டுயினோ தம்பி:

ஸ்பிண்டில் பெல்ட் வழுக்குகிறதோ அண்ணா?

பூஜ்யப்புள்ளி:

பெல்ட் வழுக்கினால் ஒன்றும் ஆகாது, என்கோடர் ஸ்பிண்டிலோடு சுற்றுகிறவரை. பேக்லாஷ் என்றால் எல்லா பாஸும் ஒரே மாதிரி தள்ளி விழும். ஒரே ஒரு பாஸ் மட்டும் விலகி அடுத்தது சரியாக வருகிறது என்றால், அந்த பாஸ் வேறு கோணத்தில் தொடங்கியிருக்கிறது. என்கோடர் சுற்றுக்கு ஒருமுறை தரும் இண்டெக்ஸ் சிக்னலில் பொய் பல்ஸ் நுழைகிறது என்று நினைக்கிறேன்.

சோதிப்பது சுலபம். உங்கள் என்கோடர் சுற்றுக்கு 1,024 பல்ஸ் என்றால், நான்கு மடங்காக எண்ணி 4,096 கவுண்ட். ஸ்பிண்டிலை ஓடவிட்டு, லினக்ஸ்சிஎன்சியில் சிக்னலை வரைந்து காட்டும் ஹால்ஸ்கோப்பில் இண்டெக்ஸ் வரும் நேரத்தில் கவுண்ட் என்ன என்று பாருங்கள். இரண்டு இண்டெக்ஸுக்கு நடுவே எப்போதும் 4,096 இருக்க வேண்டும். இடையில் 1,300, 2,700 என்று ஏதாவது வந்தால் அது நாய்ஸ். அப்படியில்லாமல் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றிரண்டு கவுண்ட் கூடிக் குறைந்தால் கவுண்ட் தரும் ஏ, பி சிக்னலில் கோளாறு. இதை ஸ்பிண்டிலைக் கையால் சுற்றியும் பாருங்கள், வி.எஃப்.டி.யில் ஓட்டியும் பாருங்கள். வித்தியாசம் தெரிந்துவிடும்.

கணபதி பட்டறை:

கையால் சுற்றினால் 4,096 தப்பாமல் வருகிறது. வி.எஃப்.டி. ஓடும்போது நடுநடுவே கண்டபடி எண் வருகிறது. டிரங்க் தனித்தனிதான், எர்த் பாரும் ஒன்றுதான்.

ஹோசூர் எலக்ட்ரிகல்:

என்கோடர் ஒற்றைக் கம்பி வகையா, ஜோடிக் கம்பி வகையா? ஏ, ஏ-பார் என்று ஜோடியாக வருகிற லைன் டிரைவர் வகையாக இருந்தும், ஒரு கம்பியை மட்டும் கார்டில் கொடுத்தால் இந்தத் தொல்லை வரும். கார்டில் ஜோடிக்கு மாற்ற ஜம்பர் இருக்கும். அப்புறம், என்கோடர் ஷீல்டை கார்டு பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். வி.எஃப்.டி.யிலிருந்து மோட்டாருக்குப் போகும் கேபிளின் ஷீல்டை இரண்டு முனையிலும், க்ளாம்ப் போட்டு. வால் மாதிரி முறுக்கிய கம்பியில் மாட்டினால் பாதிப் பலன்கூட இல்லை.

கணபதி பட்டறை:

இண்டெக்ஸ் மட்டும் ஒற்றைக் கம்பியில் இருந்தது. ஜோடியாக மாற்றி, மோட்டார் கேபிள் ஷீல்டுக்கு க்ளாம்பும் போட்டேன். எவ்வளவு நேரம் ஓட்டினாலும் 4,096 மாறவில்லை. எம்24 கேஜ் இரண்டு விரலில் ஏறுகிறது, நோகோ (ஏறக் கூடாத கேஜ்) ஏறாமல் நிற்கிறது.

இன்னும் ஒன்று பாக்கி. டரெட் சில சமயம் முழுக்க லாக் ஆகுமுன்பே ஆக்சிஸ் கிளம்பிவிடுகிறது. ஜி கோடில் அரை செகண்ட் நிறுத்தம் போட்டுச் சமாளிக்கிறேன்.

பூஜ்யப்புள்ளி:

ஜி கோடில் போடாதீர்கள், ஒரு புரோகிராமில் மறந்தாலும் டூல் போகும். லேடரில் (மெஷின் சிக்னல்களைப் பார்த்து முடிவெடுக்கும் லாஜிக்) வையுங்கள். நிலை எண் பொருந்த வேண்டும், க்ளாம்ப் சென்சார் ஆன் ஆக வேண்டும், இரண்டும் சேர்ந்து 200 மில்லி செகண்ட் மாறாமல் நிற்க வேண்டும். அப்போதுதான் டூல் மாறியது என்று பதில் போக வேண்டும். 5 செகண்டுக்குள் அது நடக்கவில்லை என்றால் எரர். உங்கள் லேடரைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

பழைய இரும்பு:

லேடர் இருக்கட்டும் தம்பி. ஆயில் லைனைப் பார்த்தீர்களா? பம்ப் அடிக்கிறது என்று நம்பி விட்டுவிடாதீர்கள். இத்தனை காலம் பூட்டிக் கிடந்த மெஷின், எண்ணெயை அளந்து விடும் மீட்டரிங் யூனிட் எல்லாம் பிசின் மாதிரி அடைத்திருக்கும். ஒவ்வொரு லைனையும் ஸ்லைடு பக்கம் கழற்றி, நுனியில் எண்ணெய் வருகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு ஆர்டரை ஏற்றுங்கள். எக்ஸ் ஆக்சிஸின் மேல்முனை லைனைத்தான் முதலில் பாருங்கள்.